சரிந்த கல்லை யார் எடுத்து வைப்பது?

எங்கள் அப்பத்தா அதைக் கண்ணகி கோயில் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மங்கலதேவி என்பார். பெரும்பாலும் வெறுமனே "மலை" என்பார். "மலைக்குப் போய்ட்டு வந்தேன்" என்றால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். கூடலூரில் எங்கள் பழைய வீட்டு மொட்டைமாடியில் நின்று தென்மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் முதுகு தெரியும். அந்த முதுகில் ஓர் இடத்தைக் காட்டி, "அங்கனதான் ஆத்தா நிக்கிறா" என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் மலையே தெரியாது. ஆனாலும் அப்பத்தா கைகாட்டுவதில் ஒரு குறி தவறியதில்லை. எப்போதும் அதே இடம்தான்.

அவர் உயிரோடு இருந்தவரை நான் ஒரு தடவைகூட அவருடன் மலையேறவில்லை. சித்திரை முழுநிலவு வரும்போதெல்லாம் படிப்பு, அப்புறம் வேலை, அப்புறம் ஏதாவது ஒன்று. கடைசியில் 2022இல்தான் போனேன். கொரோனாவால் அதற்கு முந்தைய 2 ஆண்டுகளும் யாரையும் மேலே விடவில்லை. அந்தச் சித்திரையில் அனுமதி உண்டு என்று தெரிந்ததும் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏய்யா, எங்க அத்தை விட்ட எடத்துல நான் போகணும்னு இருக்கு. முழங்கால் இருக்கறப்பவே போயிரணும். நீ வர்றியா?" என்றார்.

தெரியாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குமுளி மலைப்பாதை தொடங்கும் இடத்தில் லோயர் கேம்ப் இருக்கிறது. பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்து, பெரிய இரும்புக் குழாய்களில் இறங்கி மின்சாரம் தரும் இடம். அதன் அருகே பளியன்குடி. பெயரிலேயே பளியர் இருக்கிறார்கள், மலையின் பழங்குடிகள். அங்கிருந்து காட்டுப்பாதையில் 6, 7 கிலோமீட்டர் ஏறினால் கோயில். கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப் போகும் மண்பாதை ஒன்று இருக்கிறது. அது பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஊடாகச் சுற்றிக்கொண்டு வரும். கோயில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல், இரண்டு மாநிலங்களின் எல்லைக்கோட்டில். அந்தக் கோடு கோயிலுக்கு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் வழக்கு.

ஆண்டுக்கு ஒரே ஒரு பகல்தான் திறப்பார்கள். சித்திரை முழுநிலவு நாள். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் முன்கூட்டியே கூடிப் பேசி ஏற்பாடு செய்வார்கள். காலையில் விடுவார்கள், பொழுது சாய்வதற்குள் கடைசி ஆள் இறங்கியாக வேண்டும். மற்ற 364 நாளும் அங்கே யானையும் காட்டெருமையும் மழையும்தான்.

விடியும் முன்னே பளியன்குடிக்குப் போய்விட்டோம். ஏற்கெனவே கூட்டம். கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் வந்த பெண்கள் மஞ்சள் சேலையில், தலையில் ஒரு துணி மூட்டையோடு. பிளாஸ்டிக் கூடாது என்பதால் வனத்துறையினர் ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்தார்கள். அம்மா எவர்சில்வர் தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அப்பத்தாவின் தூக்குவாளி; மூடியில் அவர் பெயர் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் மலை தன் வேலையைக் காட்டியது. செங்குத்தான ஏற்றம், காலுக்கடியில் உருளும் கல், வேர். அம்மா இருபது அடிக்கு ஒரு தடவை நின்றார். கையைப் பிடிக்க விடவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி செருப்பில்லாமல் ஏறிக்கொண்டிருந்தார். மரங்கள் குறைந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் திரும்பிப் பார்த்தால், கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது. வயல், தென்னை, திராட்சைத் தோட்டங்கள், நடுவே நீரோடும் கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் சிலப்பதிகாரம் எனக்குப் புத்தகத்திலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. மதுரை எரிந்த பிறகு கண்ணகி கொற்றவை கோயில் வாசலில் வளையலை உடைக்கிறாள். "கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன், மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு" என்கிறாள். கிழக்கு வாசலில் அவனோடு உள்ளே வந்தேன், மேற்கு வாசலில் ஒன்றுமில்லாதவளாய்ப் போகிறேன். அங்கிருந்து வைகையின் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இரவு பகல் தெரியவில்லை. "அவல என்னாள் அவலித்து இழிதலின், மிசைய என்னாள் மிசைவைத்து ஏறலின்" என்கிறார் இளங்கோ. பள்ளம் வந்தால் பள்ளம் என்று பார்க்காமல் இறங்குகிறாள், மேடு வந்தால் மேடு என்று பார்க்காமல் ஏறுகிறாள். "எழுநாள் இரட்டி", அதாவது 14 நாள். கடைசியில் நெடுவேள் குன்றத்தில் ஏறி, பூத்த வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். அங்கே கோவலன் வானூர்தியில் வந்து அவளை அழைத்துப்போகிறான்.

மதுரையிலிருந்து வைகைக் கரையோடு மேற்கே நடந்தால் எங்கே வருவோம்? தேனிக்கு. அங்கிருந்து சுருளியாற்றுப் போக்கில் மேலே ஏறினால் இந்தப் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் இந்த மலை. இதை நூலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் பார்த்தவர்கள் உண்டு. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் காலால் நடந்து பார்த்தார். பூம்புகாரில் தொடங்கி, கண்ணகி போனதாகக் காப்பியம் சொல்லும் வழியெல்லாம் தேடித்தேடிப் போய், 1963இல் இந்த மலையின் இடிபாடுகளைக் கண்டு, இதுதான் கண்ணகி கோட்டம் என்று சொன்னார். சிலம்பின் கடைசிக் காதையில் "மங்கல மடந்தை கோட்டம்" என்ற பெயர் வருகிறது. இங்கே ஊர்மக்கள் எவரும் சொல்லிக்கொடுக்காமலே மங்கலதேவி என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் வாயிலிருந்த பெயரும் இளங்கோவின் ஏட்டிலிருந்த பெயரும் ஒன்றாக இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இன்று நிற்கிற கட்டடம், சிலம்பில் கண்ணகிக்குக் கோயில் எழுப்பும் சேர மன்னன் செங்குட்டுவன் கட்டியது இல்லை. அது பின்னால் வந்த பாண்டியர் கலைப்பாணியில் இருப்பது. செங்குட்டுவன் கல் நட்ட கோட்டம் அவன் தலைநகர் வஞ்சியில்தான் இருந்தது என்பவர்கள் உண்டு. அந்த வஞ்சி கொடுங்கல்லூரா கரூரா என்பதில் இன்னொரு நீண்ட சண்டை உண்டு. நான் அதற்குள் போகப்போவதில்லை. நெடுங்காலமாக மக்கள் ஒரு மலையில் ஒரு பெண்ணை நினைத்து ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதுமான சான்று.

இன்னொரு விஷயம். மதுரை எரிந்தது ஆடி மாதம் தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை என்று காப்பியம் நாள் குறித்துச் சொல்கிறது. அதிலிருந்து 14 நாள். ஆடியில் இந்த மலை எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். தென்மேற்குப் பருவமழை, கண் தெரியாத பனிமூட்டம், கால் வைத்த இடமெல்லாம் அட்டை. நாங்கள் சித்திரை வெயிலில், தடம் போட்ட பாதையில், வழியில் நீர்மோர் வாங்கிக் குடித்துக்கொண்டு ஏறுகிறோம். அவள் அந்த மழையில் தனியாக ஏறியிருக்கிறாள்.

பத்து மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். காற்று அப்படியே ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் நாங்கள் ஏறிவந்த பள்ளத்தாக்கு. மறுபக்கம் அலையலையாகக் காடு, காட்டுக்கு நடுவே பெரியாற்று நீர்த்தேக்கம். கேரளப் பக்கத்து ஜீப்புகள் புழுதியோடு வரிசையில் நின்றன. வெள்ளை முண்டும் கசவுப் புடவையுமாக அங்கிருந்து வந்தவர்கள், மஞ்சள் சேலையில் நாங்கள். இரண்டு மாநிலப் போலீசும் ஒரே கயிற்றை இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்கள்.

கோயிலைப் பார்த்ததும் அம்மா "அடியாத்தி" என்று வாயில் கைவைத்தார்.

நான் படங்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் படத்தில் கல்லின் எடை தெரியாது. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், கல்லின்மேல் கல்லை அடுக்கியே எழுப்பிய சுவர்கள். வெட்டிய கல்லின் முகம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. சுற்றுச்சுவரில் பல இடம் வயிறு சரிந்து வெளியே தள்ளி நிற்கிறது. சில இடத்தில் மொத்தமாகக் கொட்டிக் கிடக்கிறது. சிறு சிறு சன்னிதிகள், அவற்றின் கூரைக் கற்கள் இடம்பெயர்ந்து, இடுக்கில் வானம் தெரிகிறது. கல் சந்துகளில் புல்லும் செடியும் வேர்விட்டிருக்கின்றன. ஒரு வேர் மழைக்காலத்தில் பருத்து, கோடையில் சுருங்கி, ஆண்டுக்கு ஒரு நூலளவு கல்லை நகர்த்தினால் போதும். நூறு வருஷத்தில் சுவர் தானாகச் சாயும். சாந்து இல்லாத கட்டடத்தில் கல்லைப் பிடித்து வைத்திருப்பது அதன் எடையும் அதன் இடமும் மட்டும்தான். இடம் மாறினால் எடையே அதற்கு எதிரியாகிவிடும்.

சுவரில் தமிழ் எழுத்துகள் இருந்தன. பொரிந்துபோயிருந்தன. விரலால் தடவினால் "ஸ்ரீ" என்று ஓர் இடத்தில் தட்டுப்பட்டது, அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. என் பக்கத்தில் நின்ற பையன், பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும், தன் அப்பாவிடம் மலையாளத்தில் என்னவோ கேட்டான். "தமிழாணு" என்றார் அவர். அவரும் குனிந்து தடவிப் பார்த்தார்.

கண்ணகியின் சன்னிதியில் சந்தனத்தில் முகம் எழுதி, பட்டு உடுத்தி, மாலை சாத்தியிருந்தார்கள். அலங்காரம் அவ்வளவு அழகு. அந்த ஒரு நாளுக்காகக் கம்பத்துக்காரர்கள் பூவும் பட்டும் பொங்கல் அரிசியும் தலைச்சுமையாகக் கொண்டுவந்திருந்தார்கள். இந்தப் பக்கம் தமிழில் மந்திரம், அந்தப் பக்கச் சன்னிதியில் கேரள முறைப்படி பூசை. வரிசையில் பெண்களுக்கு மஞ்சள் கயிறும் வளையலும் தந்தார்கள். கணவனைப் பறிகொடுத்து வளையலை உடைத்தவளின் கோயிலில் வளையல் தருகிறார்கள். யார் தொடங்கிய வழக்கமோ, அந்தப் பெண்மணியைக் கும்பிடத் தோன்றியது. பெண்மணி என்றே நினைக்கிறேன்.

கும்பிட்டு வெளியே வந்தபோதுதான் அது நடந்தது. சுற்றுச்சுவர் ஓரத்தில் ஒரு சின்னக் கல், தேங்காய் அளவு இருக்கும், சுவரின் மேல்வரிசையிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. அது கிடந்த இடத்துக்கு நேர்மேலே அதன் குழி அப்படியே தெரிந்தது. வாயில் ஒரு பல் விழுந்த மாதிரி. அம்மா குனிந்து அதை எடுத்தார். வீட்டில் சிதறிய சாமானை எடுத்து வைப்பது போல, யோசிக்காமல் எடுத்தார்.

"அம்மே, தொடல்லே" என்று ஒரு குரல். அதே நேரத்தில் இந்தப் பக்கமிருந்து, "கல்லைத் தொடாதீங்கம்மா" என்று இன்னொரு குரல். இரண்டு மாநிலக் காவலர்களும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். எங்கள் பக்கத்துக்காரர் அருகில் வந்து, "நீங்க நல்லதுக்குத்தான் செய்றீங்க. ஆனா யாராவது போட்டோ எடுத்துப் போட்டா, நாங்க கோயில் கட்ட ஆரம்பிச்சுட்டோம்னு ஆகிரும்" என்றார். அம்மா கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தார். வைத்துவிட்டு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கோயில் ஏன் இப்படிக் கிடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு நின்றன. மலையில் போட்ட கோடு பல இடங்களில் அந்தக் காலத்து நில அளவையை நம்பிப் போட்டது. அப்போது இந்த இடிபாட்டைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் மட்டுமே. 1963க்குப் பிறகு இது கண்ணகி கோட்டம் என்று பெயர் பரவியது. அதன் பிறகுதான் எல்லைப் பேச்சும் வலுத்தது. வெள்ளைக்காரர் கால அளவை வரைபடங்களில் கோயில் எங்கள் பக்கம் இருக்கிறது என்பது தமிழகத்தின் வாதம். தங்கள் நிலப் பதிவும் வனப் பதிவும் வேறு சொல்கின்றன என்பது கேரளத்தின் வாதம். வண்டி வரும் வழி அவர்களிடம், நடந்து வரும் வழி நம்மிடம்.

இதோடு முல்லைப் பெரியாறும் சேர்ந்துகொண்டது. 1886இல் திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை, 1895இல் அணை. எங்கள் பள்ளத்தாக்கு சாப்பிடுகிற சோறு அந்தத் தண்ணீரில் விளைந்தது. இங்கே அணையைக் கட்டிய பென்னிகுவிக் படத்துக்கு மாலை போடாத வீதி குறைவு. அந்தப் பக்கத்தில் அணைக்குக் கீழே வாழ்கிறவர்களுக்கு உயிர்ப்பயம். 2011இல் குமுளி எல்லையில் போக்குவரத்து நின்று, இரண்டு பக்கமும் சாதாரண மக்கள் அடிபட்ட நாட்களை நாங்கள் மறக்கவில்லை. அணையைப் பற்றிப் பேசும்போது இருக்கிற கசப்பு கோயிலைப் பற்றிப் பேசும்போதும் நாக்கில் இருக்கிறது. மலையும் ஒன்று, பேசுகிற ஆட்களும் ஒன்று என்றால் வேறெப்படி இருக்கும்?

அதனால் ஒரு பக்கம் ஒரு கல்லை எடுத்து வைத்தால், அது மராமத்தாகத் தெரிவதில்லை. உரிமை கொண்டாடுவதாகத் தெரிகிறது. மற்றப் பக்கம் அதைத் தடுத்தே ஆகவேண்டும், தடுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டு தரப்புமே கோயில்மேல் பாசம் உள்ளவர்கள்தான். அந்தப் பாசம்தான் அதைச் சரியவிட்டுக்கொண்டிருக்கிறது. அண்ணன் தம்பி வழக்கில் பூர்வீக வீடு ஓடு பிரிந்து ஒழுகுமே, அதே கதை. வழக்கு முடியும்வரை யாரும் ஓடு மாற்றக்கூடாது. வழக்கு முடியும்போது வீடு இருக்காது.

எல்லைக்கோட்டில் மாட்டிய பழைய கோயில்கள் வேறு இடத்திலும் உண்டு. கம்போடியா, தாய்லாந்து எல்லையில் மலையுச்சியில் கெமர் மன்னர்கள் கட்டிய பிரியா விகார் ஒரு சிவன் கோயில். 1962இல் பன்னாட்டு நீதிமன்றம் அது கம்போடியாவுக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. 2008இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் அங்கே துப்பாக்கிச் சண்டை நடந்தது. கோயில் சுவரிலேயே குண்டு பாய்ந்தது. தீர்ப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் அதைப் பார்க்கவேண்டும். நம் மலையில் இரண்டு நாட்டு ராணுவம் நிற்கவில்லை. ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்கள், இரண்டுக்கும் பொதுவாக ஒரு மத்தியத் தொல்லியல் துறை. கம்போடியாவுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். கோயில் யாருடையது என்ற வழக்கு அதன் போக்கில் போகட்டும். கல்லை நிமிர்த்துவதை அதிலிருந்து பிரித்துவிடவேண்டும். "இந்தப் பணியால் எந்த மாநிலத்தின் எல்லை உரிமையும் கூடவோ குறையவோ செய்யாது" என்று ஒரே ஒரு வரி எழுதி இரண்டு அரசும் கையெழுத்திட்டால் போதும். ஒரு நாள் விழாவுக்காக ஆண்டுதோறும் ஒன்றாக உட்காருகிற இரண்டு ஆட்சியர்களுக்கு இது புதிய பழக்கமில்லை. முதலில் செடிகொடிகளின் வேரை அறிந்தவர்களைக் கொண்டு அகற்றவேண்டும். கண்டபடி பிடுங்கினால் சுவரும் கூடவே வரும். அப்புறம் கிடக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுப் படமெடுக்கவேண்டும். கல்வெட்டுகளை இன்னும் ஒரு மழை தின்பதற்குள் முழுமையாகப் படியெடுக்கவேண்டும். அதன் பிறகு விழுந்த கல்லை விழுந்த இடத்துக்கு ஏற்றவேண்டும். சாந்தில்லாத கட்டடம் ஆனதால் அது முடியும். நம் ஊர்களில் இந்தக் கல்வேலை தெரிந்த ஸ்தபதிகள் இருக்கிறார்கள்.

புதிதாக எதையும் கட்டவேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் "திருப்பணி" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. சமவெளியில் எத்தனை பழைய கோயில்களில் கல்வெட்டின்மேல் எனாமல் பெயின்ட் அடித்துவிட்டார்கள், தளவரிசையைப் பெயர்த்து வழுக்கும் கிரானைட் போட்டுவிட்டார்கள். மங்கலதேவிக்கு அந்தக் கதி வராமல் காத்தது இதே சண்டைதான் என்பதையும் சொல்லவேண்டும். பளியன்குடி வழியாகச் சாலை கேட்கிறார்கள். அம்மா ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவன் என்ற முறையில் அந்தக் கோரிக்கையின் நியாயம் எனக்குத் தெரியும். ஆனால் தார்ச்சாலை வந்தால் சிமென்ட் மூட்டையும் வரும், கடையும் வரும், காட்டின் அமைதி போகும். தடத்தைச் சரிசெய்து, இளைப்பாற நிழலும் குடிக்கத் தண்ணீரும் நாலு இடத்தில் வைத்தால் போதும் என்பது என் எண்ணம். என் தம்பி இதை ஒத்துக்கொள்ளமாட்டான். "சாலை இல்லாததாலதான் அது அவங்க கோயில் மாதிரி ஆயிருச்சு" என்பான். அவன் சொல்வதிலும் வலி இருக்கிறது.

சிலம்பிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. கண்ணகி பிறந்தது சோழநாட்டில், அநியாயம் நடந்தது பாண்டிய நாட்டில், தெய்வமானது சேரநாட்டில். திருமால் மார்பின் ஆரம் போல மலையை அறுத்துக்கொண்டு ஓடும் பேரியாற்றங்கரையில் செங்குட்டுவன் தங்கியிருக்கும்போது, மலைக்குறவர்கள் வந்து தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள். அரசன் தன் தேவி வேண்மாளிடம் கேட்கிறான்: கணவன் இறந்ததும் உயிர்விட்ட பாண்டிமாதேவி, நம் நாட்டுக்கு வந்த இந்தப் பெண், இருவரில் யார் வியக்கத்தக்கவள்? பாண்டிமாதேவிக்கு வானுலகம் கிடைக்கட்டும், நம் நாட்டை நாடிவந்த இந்தப் பத்தினியைத்தான் நாம் வணங்கவேண்டும் என்கிறாள் வேண்மாள். வேற்று நாட்டுப் பெண், எல்லை தாண்டி வந்தவள். வந்ததாலேயே அவள் நம்முடையவள் என்று அந்த அரசி சொல்கிறாள்.

அப்புறம் கோட்டம் எழுகிறது. விழாவுக்குக் குடகுக் கொங்கர் வருகிறார்கள், மாளுவ வேந்தர் வருகிறார், கடல் சூழ் இலங்கையிலிருந்து கயவாகு வருகிறார். எங்கள் நாட்டுக்கும் வந்து அருளவேண்டும் என்று கேட்கிறார்கள். "தந்தேன் வரம்" என்று ஒரு குரல் எழுகிறது. அந்த வரத்தின் நீளத்தை இன்று பார்க்கலாம். முல்லைத்தீவில் வற்றாப்பளையில் கண்ணகி அம்மன், மட்டக்களப்பில் வைகாசி தோறும் கண்ணகி வழக்குரை பாடும் கோயில்கள், சிங்களரிடம் பத்தினி தெய்யோ, திருவனந்தபுரத்தில் ஆற்றுக்கால் பொங்கலுக்கு முன் அவள் கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடுகிறார்கள். கேட்ட அத்தனை பேருக்கும் வந்தவள் அவள். அவளுடைய மலையில் ஒரு கல்லை எடுத்து வைக்க நமக்குள் ஒப்பந்தமாகவில்லை.

பிற்பகல் மூன்றுக்கெல்லாம் இறங்கச் சொல்லிவிட்டார்கள். கோயிலை ஒட்டி ஒரு சுனை இருக்கிறது. தூர்ந்து, ஓரமெல்லாம் புல்மூடி, நடுவில் கொஞ்சம் தண்ணீர். அம்மா தூக்குவாளியில் மிச்சமிருந்ததைக் கொட்டிவிட்டு, ஓரத்தில் தெளிந்திருந்த நீரை மெதுவாக மொண்டார். அப்பத்தாவும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் கொண்டுவருவாராம். ஏன் என்று அம்மாவுக்குத் தெரியாது. அத்தை செய்தார், அதனால் செய்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு காரணத்தை இறங்கும்போது சொன்னேன். சிலம்பின் கடைசிக் காதையில் இந்த மலைச்சுனை நீர் வருகிறது. கூட்டத்தில் நிற்கும் மூன்று சிறுமிகள்மேல் மாடலன் என்ற மறையவன் அந்த நீரைத் தெளிக்கிறான். தெளித்ததும் மூவருக்கும் முற்பிறப்பு நினைவு வருகிறது. ஒருத்தி கண்ணகியின் தாய், ஒருத்தி கோவலனின் தாய், ஒருத்தி மதுரையில் அவர்களுக்கு அடைக்கலம் தந்த ஆய்ச்சி மாதரி. மூன்று குழந்தைகளும் அவளை நினைத்து வாய்விட்டு அழுகிறார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். கடைசி ஏழு கிலோமீட்டரும் என்னிடம் அதைத் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் மகளைக் கூப்பிட்டு நிறுத்தி, மூடியைத் திறந்து, மூன்று விரலால் அவள் உச்சியில் தெளித்தார். அவளுக்கு அப்போது ஆறு வயது.

"என்ன தண்ணி அப்பத்தா இது?"

"மலைத் தண்ணி. பழசெல்லாம் ஞாபகம் வரும்."

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "ஒண்ணும் வரலையே" என்று நெற்றியில் வழிந்ததைத் துடைக்கப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடைக்காத. அதுவா காயட்டும்."